பள்ளியில் உலக வரலாறு நடத்தும் முறையில் எதை மாற்றலாம்?

நான் ஆசிரியன் இல்லை. அக்கா மகளுக்கு மூன்று வருடமாக வரலாறு சொல்லித் தருகிறேன், அவ்வளவுதான். அதில் பட்டதை வைத்துச் சொல்வதென்றால், முதலில் மாற வேண்டியது நாட்டுக்கு ஒரு பாடம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கும் முறை.

பிரெஞ்சுப் புரட்சி ஒரு பாடம். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. பாஸ்டில் சிறை விழுந்த தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அமெரிக்கா இன்னொரு பாடம். 1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியதால் அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று அதில் ஒரு வரி வரும். அவ்வளவு பெரிய நிலத்தை நெப்போலியன் ஏன் விற்றார்? பள்ளியில் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. விடை இந்த இரண்டு பாடத்துக்கும் நடுவில், கரீபியன் கடலில் இருந்தது. அதற்குத்தான் பாடமே இல்லை.

இன்றைய ஹைட்டி அப்போது செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றம். சர்க்கரையும் காபியும் விளைந்து பணம் கொழித்த இடம். ஏறக்குறைய 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு அது. 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794-இல் பாரிஸில் இருந்த புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் பெரும்படை அனுப்பித் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். கிளர்ச்சித் தலைவர் டூசன் லூவர்ச்சூரைக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1803-இல் சிறையிலேயே இறந்தார். ஆனாலும் போரிலும் மஞ்சள் காய்ச்சலிலும் படை கரைந்துபோனது. தீவுக்குத் துணையாக இருக்கத்தான் லூசியானா. தீவே கைவிட்டுப் போகிறபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கிலாந்தோடு போர் வேறு வாசலில் நின்றது. விற்றுவிட்டார். 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை அறிவித்தது.

இதைச் சொன்னதும் தனித்தனியாகக் கிடந்த பாடங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பாடத்தைக் கூட்டவே வேண்டாம். யார் யாரோடு என்ன உடன்படிக்கை செய்தார்கள் என்ற பட்டியலில் பாதியை எடுத்தாலே இடம் கிடைத்துவிடும்.

இன்னொன்று, ஆவணத்தையே பிள்ளைகள் கையில் கொடுப்பது. 1789-இன் மனித உரிமைப் பிரகடனம் மொத்தமே 17 பிரிவுகள்தான். அதில் இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதி அக்கா மகளிடம் கொடுத்தேன். முதல் பிரிவு, மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்கிறது. பதினேழாவது, சொத்து மீற முடியாத புனித உரிமை என்கிறது. "நீ தோட்ட முதலாளி என்றால் எதைக் காட்டி வாதாடுவாய், அடிமை என்றால் எதைக் காட்டுவாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "மாமா, அப்போ அடிமைங்களை எதுல சேர்த்தாங்க, ஒண்ணுலயா பதினேழுலயா?" என்றாள். ஐந்து காரணங்களை மனப்பாடம் செய்த காலத்தில் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தேர்விலும் இதைக் கேட்கலாமே: ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியது யார், யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டார் என்று. திருத்துவது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வரலாற்றுப் பாடத்தில் தேதிகளே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1791 முன்னால், 1794 பின்னால் என்று தெரியாவிட்டால், பாரிஸ் பெரிய மனது பண்ணி விடுதலை கொடுத்தது என்றுதான் பிள்ளை நினைக்கும். நூறு தேதி வேண்டாம், கோத்து வைத்த பத்துத் தேதி போதும். வினாடி வினா, காணொளி, செயலி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

அவளை ஒரு தாளில் இரண்டு பத்தி போடச் சொன்னேன். இடப்பக்கம் பாரிஸ், வலப்பக்கம் தீவு, ஓரத்தில் வருடங்கள். 1825 வரை வந்தாள். அந்த வருடம்தான் பிரான்ஸ் ஹைட்டியை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் இழப்பீடு என்று முடிவானது. நான் சொல்லி முடிக்கும் முன்பே அவள் வலப்பக்கத்தில் "15 கோடி வரவு" என்று எழுதிவிட்டாள். இல்லை, முன்னாள் முதலாளிகளின் நஷ்டத்துக்காக ஹைட்டிதான் கட்ட வேண்டியிருந்தது, அதற்காக வாங்கிய கடன் 1947 வரை நீண்டது என்றேன். எழுதியதை அழித்துவிட்டு, அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்துப் பதினேழாவது பிரிவை மறுபடி படித்தாள்.