'மைசெல்ஃப்' எங்கே வரும்?

ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது 'ப்ளீஸ் கால் ரவி ஆர் மைசெல்ஃப்' என்று எழுதுவது தவறு. 'ரவி ஆர் மீ' என்று மாற்றி அனுப்புங்கள்.

'மீ' மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கும், பலருக்கும் அப்படித்தான். உண்மையில் அது வெறும் 'என்னை', 'எனக்கு'.

ரவியைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். 'கால் மீ' சரியாக ஒலிக்கும், 'கால் மைசெல்ஃப்' இடறும். செய்பவரும் செயலுக்கு ஆளாகிறவரும் நீங்களே என்றால் 'மைசெல்ஃப்': 'ஐ கட் மைசெல்ஃப்'. 'நானே செய்தேன்' என்று அழுத்திச் சொல்லவும் வரும்: 'ஐ டிட் இட் மைசெல்ஃப்'. ('மைசெல்ஃப் ரவி' என்று அறிமுகம் செய்துகொள்வதையும் நிறுத்திவிடுங்கள்.)

ஒன்று, 'பிட்வீன்' வந்தால் இந்தச் சோதனை உதவாது. அதற்கு இரண்டு பேர் வேண்டுமே. அங்கே 'பிட்வீன் யூ அண்ட் மீ'தான், 'ஐ' வராது.