டி அண்ட் டி-யில் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஒரு இரவு தூங்கினால் எல்லாக் காயமும் ஆறிவிடுகிறதே, இதற்கு நல்ல ஹவுஸ் ரூல் (குழு தானே வைத்துக்கொள்ளும் விதி) எது?

நீங்கள் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், என்று நினைக்கிறேன். டிராகன் நெருப்பில் கருகிய ஃபைட்டர் (போர்வீரர்) எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடிந்ததும் முழு ஹிட் பாயிண்ட்டோடு (உயிர்ப் புள்ளி) எழுந்து நிற்பதைப் பார்த்து எரிச்சல் வந்திருக்கும். நியாயமான எரிச்சல்தான். 1979-இல் வந்த டிஎம் கையேட்டில் காயம் தானாக ஆறுவது நாளுக்கு 1 ஹிட் பாயிண்ட். அதோடு ஒப்பிட்டால் 5ஆம் பதிப்பு ரொம்பவே தாராளம்.

ஆனால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 5ஆம் பதிப்பின் 2014 டிஎம் கையேட்டில் இருக்கும் நிரந்தரக் காய அட்டவணையைக் கிரிட்டிகல் ஹிட்டோடு (20 முகப் பகடையில் 20 விழும் அடி) சேர்த்துவிடாதீர்கள். கையேடே அதை ஒரு வழியாகச் சொல்கிறது, தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

நான் பெரும்பாலும் ஃபைட்டர்தான் ஆடுவேன். முன்வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர்கள் மேல் அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒரு கேம்பெயினில் (பல அமர்வுகளாகத் தொடரும் கதை) எங்கள் டிஎம், ஆட்டம் யதார்த்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி இந்த விதியைக் கொண்டுவந்தார். 4ஆம் லெவலில், மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று நான் ஒரு பாலத்தை மறித்து நின்றேன். ஒரு சாதாரண கோப்ளினுக்கு (குட்டி அரக்கன்) 20 விழுந்தது. காய அட்டவணைக்கு உருட்டியதில் எனக்கு 2. கை போய்விட்டது. கிரேட்ஸ்வார்டைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். போன கையை மீட்க ரீஜெனரேட் வேண்டும்; அது 7ஆம் நிலை மந்திரம், க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) 13ஆம் லெவலைத் தொட்டால்தான் கிடைக்கும். பாலத்தை விட்டு ஓடியிருந்தால் கை மிச்சம். தூரத்தில் நின்று மேஜிக் மிஸைல் விட்ட விசார்டுக்கு (மந்திரவாதி) ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை.

"உனக்கு அன்று பகடை சரியில்லை, அவ்வளவுதான்" என்பார்கள். இல்லை, கணக்கே அப்படி. ஒவ்வொரு தாக்குதலுக்கும் கிரிட்டிகல் வாய்ப்பு 5 சதவீதம். ஒரு சண்டையில் முன்வரிசை ஆள் மேல் 6 தாக்குதல் வருகிறது என்று வையுங்கள். நான்கு சண்டைக்குள் ஒரு கிரிட்டிகலாவது விழ ஏறக்குறைய 71 சதவீத வாய்ப்பு. கோப்ளினுக்குக் கை போனால் யாருக்கு என்ன? அது அந்தச் சண்டையோடு செத்துப்போகும். ஃபைட்டர்தான் கேம்பெயின் முடியும்வரை அதைச் சுமக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தூக்கத்தைவிடப் பெரிய பிரச்சினை சண்டைக்குள்தான் இருக்கிறது. ஹிட் பாயிண்ட் பூஜ்யமாகி விழுந்தவரை க்ளெரிக் 60 அடி தள்ளி நின்று ஹீலிங் வேர்ட் மந்திரம் சொல்லி எழுப்புகிறார், அவர் மறுபடி விழுகிறார், மறுபடி எழுப்புகிறார். விழுவதற்கு விலையே இல்லை. நான் டிஎம்மாக இருக்கும்போது பூஜ்யத்தைத் தொட்டால் ஒரு நிலை எக்ஸாஸ்ஷன் (களைப்பு) கொடுக்கிறேன். 5ஆம் பதிப்பின் திருத்திய 2024 விதிப்படி ஒவ்வொரு நிலைக்கும் டி20 (20 முகப் பகடை) உருட்டலில் 2 குறையும், ஒரு லாங் ரெஸ்டுக்கு ஒரு நிலைதான் இறங்கும். இது நான் கண்டுபிடித்தது இல்லை, பல மேசைகளில் இருக்கிறது. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் 2ஆம் பதிப்பில் ஊண்டட் (காயம்பட்டவர்) என்று மூல விதியிலேயே இதே மாதிரி ஒன்று உண்டு.

தூக்கத்துக்கு, லாங் ரெஸ்டில் ஹிட் பாயிண்ட் தானாக ஏறாது, ஹிட் டைஸ் (காயம் ஆற்ற ஒவ்வொருவரிடமும் அளவாக உள்ள பகடைகள்) செலவழித்துத்தான் ஏற்ற வேண்டும் என்ற மாற்று விதி போதும். அதுவும் 2014 கையேட்டில் இருப்பதுதான். ஷார்ட் ரெஸ்ட் (குறுகிய ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள் என்ற விதி, மாதக்கணக்கில் பயணம் போகிற கதைக்குச் சரி. டன்ஜனுக்குள் (நிலவறை) அதை வைத்தால், செலவான மந்திரம் திரும்ப லாங் ரெஸ்ட் வேண்டும் என்பதால் மந்திரக்காரர்கள் பாதியில் கையை விரித்துவிடுவார்கள்.

நிரந்தரக் காயம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று டெத் சேவ் (பூஜ்யத்தில் கிடக்கும்போது உயிருக்காக உருட்டும் பகடை) தோற்றவர் சாவதா, காயத்தோடு பிழைப்பதா என்று தானே முடிவு செய்யட்டும். எங்கள் மேசையில் ஒருவர் தன் ரோகுக்கு (திருடன் வகைப் பாத்திரம்) ஒரு கண் போகட்டும் என்று கேட்டு வாங்கினார். அந்தக் கண்ணை எடுத்தவனைத் தேடிப் போவதே அடுத்த கதையாக வளர்ந்தது. நான் நடத்தியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

எதுவானாலும் கேம்பெயின் நடுவில் திடீரென்று அறிவிக்காமல், முதலில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்தால்தானே பேசுவது என்பீர்கள், அதுவும் உண்மை. ஒரு வாரம் உட்கார்ந்து வரைபடம் போட்டு வைத்திருப்போம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் "இன்று முடியாது" என்று ஒரு வரி வரும். காரணம்கூட இருக்காது. டிஎம்மின் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? சரி, அதைத் தனிக் கேள்வியாக யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

உங்கள் மேசையில் பெர்சர்கர் பார்பேரியன் (வெறிகொண்டு மோதும் வீரர்) ஆடுபவர் இருந்து, 2014 விதியில் ஆடினால், என் எக்ஸாஸ்ஷன் விதியை அப்படியே எடுக்காதீர்கள். ஃப்ரென்ஸி (வெறித் தாக்குதல்) முடிந்ததும் அவருக்கு ஏற்கெனவே ஒரு நிலை ஏறுகிறது. அவருக்கு மட்டும் ஒரு சண்டையில் முதல் முறை விழுவதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம்.