பலத்த மழைக்கு ‘ஸ்ட்ராங்’ ஒத்துவராது: ஆங்கிலச் சொற்சேர்க்கை கேள்வி பதில்

பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது கோலாலம்பூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். எந்த ஆங்கிலச் சொல் எதோடு சேரும் என்பதை மட்டும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் கொட்டிவிட்டன. இலக்கணக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செந்தூல், படிவம் 5 மாணவர்: டீச்சர், ‘மேக்’ எங்கே, ‘டூ’ எங்கே? புதிதாக ஒன்றை உண்டாக்கினால் ‘மேக்’, வேலையைச் செய்தால் ‘டூ’ என்று டியூஷனில் சொன்னார்கள். அப்படியென்றால் ‘மேக் எ மிஸ்டேக்’ எப்படி வந்தது? தப்பை யாராவது வேண்டுமென்று உண்டாக்குவார்களா?

நியாயமான கேள்வி தம்பி. டியூஷனில் சொன்னது பாதி தூரம் வரும். ‘மேக் எ கேக்’, ‘மேக் எ நாய்ஸ்’, அந்தப் பக்கம் ‘டூ தி டிஷஸ்’, ‘டூ யுவர் ஹோம்வொர்க்’ எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கிவிடும். அப்புறம் ‘மேக் தி பெட்’ என்று ஒன்று வரும். கட்டில் செய்ய நீ என்ன தச்சரா? காலையில் எழுந்து போர்வையை மடித்து விரிப்பை இழுத்துவிடுவதற்குத்தான் அந்தப் பேர். தலை வாருவதோ ‘டூ யுவர் ஹேர்’. வாக்குக் கொடுத்தால் ‘மேக்’, உதவி செய்தால் ‘டூ’. இதற்கெல்லாம் விதி தேடினால் தலைவலிதான் மிச்சம்.

நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவனாக இருந்தால் வினைமரபு மனப்பாடம் செய்திருப்பாய். கூரை வேய், பானை வனை, கூடை முடை, பூ கொய், அம்பு எய். பானையை ஏன் முடையக்கூடாது என்று அன்றைக்கு யாரையாவது கேட்டாயா? கேட்டிருந்தால் ஆசிரியர் நன்னூலைக் காட்டியிருப்பார்: ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே.’ காரணம் சொல்லவில்லை பார், அப்படித்தான் சொல்லிவருகிறார்கள், நீயும் அப்படியே சொல் என்கிறார். ஆங்கிலத்தில் இதற்குக் ‘கொலோகேஷன்’ என்று பேர். அந்தப் பேரை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஃபிர்த் என்ற இங்கிலாந்துக்காரர். லாகூரில் பேராசிரியராக இருந்தவர், தமிழ் உச்சரிப்பைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார். ஒரு சொல் எப்படிப்பட்டது என்பதை அது யாரோடு சேர்கிறது என்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று 1957-இல் எழுதினார்.

அதனால் நோட்டில் ‘மிஸ்டேக் = தவறு’ என்று எழுதாதே. ‘மேக் எ மிஸ்டேக்’ என்று முழுசாக எழுது.

பட்டர்வொர்த், அலுவலக ஊழியர்: பினாங்குப் பாலத்தில் மழையில் மாட்டிக்கொண்டு ‘ஸ்ட்ராங் ரெய்ன், வெரி ஜாம்’ என்று மேலாளருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ‘ஹெவி ரெய்ன்’ என்று திருத்தி அனுப்பினார். காற்றுக்கு மட்டும் ‘ஸ்ட்ராங்’ போடலாமாம். இது என்ன ஓரவஞ்சனை?

தாமதமாக வந்ததற்குத் திட்டாமல் ஆங்கிலத்தைத் திருத்தினாரே, நல்ல மனிதர். அவர் சொன்னதும் சரிதான்.

இதற்குக் காரணம் நம் ‘பலத்த’. வானொலிச் செய்தியைக் கேளுங்கள்: பலத்த மழை, பலத்த காற்று, பலத்த பாதுகாப்பு, பலத்த காயம், பலத்த போட்டி, பலத்த கைதட்டல். ஒரே சொல் ஆறு வீட்டுக்கும் போய் வேலை செய்கிறது. ஆங்கிலத்திலோ வீட்டுக்கு ஒரு ஆள். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, பாதுகாப்புக்கு ‘டைட்’, காயத்துக்கு ‘சீரியஸ்’, போட்டிக்கு ‘ஸ்டிஃப்’, கைதட்டலுக்கு ‘லவுட்’. இடம் மாற்றிப் போட்டால் அர்த்தம் புரியாமல் போகாது, ஆனால் கேட்பவர் காதில் ஒரு கல் தட்டும், நமக்கு ‘பானை முடைந்தான்’ என்றால் தட்டுகிற மாதிரி.

‘ஹெவி’ பக்கமிருந்தும் பாருங்கள். ‘ஹெவி டிராஃபிக்’ சரி. ‘ஹெவி ஸ்மோக்கர்’ என்றால் நிறைய சிகரெட் பிடிப்பவர், ஆள் ஒல்லிக்குச்சியாக இருக்கலாம். ‘ஹெவி ஸ்லீப்பர்’ என்றால் இடி விழுந்தாலும் எழாதவர், என் வீட்டுக்காரர் மாதிரி. எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தேத்தண்ணியும் இப்படித்தான். ஃபிர்த்தின் மாணவர் ஹாலிடே 1966-இல் காட்டிய உதாரணம் இது, இன்றைக்கும் மொழியியல் வகுப்பில் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்: தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆக இருக்கலாம், ‘பவர்ஃபுல்’ ஆக இருக்க முடியாது. கார் எஞ்சினுக்கு ‘பவர்ஃபுல்’ பொருந்தும். மாமாக் கடையில் நாம் ‘தே காவ்’ கேட்கிறோமே, அந்தக் ‘காவ்’ ஹொக்கியன் சீனத்தில் கெட்டி என்று அர்த்தம். அதை அப்படியே ‘திக் டீ’ என்று லண்டனில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார்.

அந்த ‘வெரி ஜாம்’ இருக்கிறதே, ‘தி டிராஃபிக் வாஸ் ஹெவி’ அல்லது ‘ஐ வாஸ் ஸ்டக் இன் எ ஜாம்’ என்று எழுதுங்கள். ‘ஜாம்’ பெயர்ச்சொல், அதன் முன்னால் ‘வெரி’ நிற்காது.

கெப்போங்: ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பா?

தப்பு. ‘பற்றிப் பேசினோம்’ என்பதில் உள்ள ‘பற்றி’ கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ‘டிஸ்கஸ் தி ப்ராப்ளம்’ போதும். பெயர்ச்சொல்லாக ‘டிஸ்கஷன்’ வந்தால் ‘அபவுட்’ தாராளமாகப் போடலாம், குழப்பமே அங்கேதான். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ தண்டம்.

பிரிக்பீல்ட்ஸ், இரண்டு பிள்ளைகளின் அம்மா: அக்கா, என் சின்னவன் ‘ஓபன் தி லைட்’, ‘க்ளோஸ் தி ஃபேன்’ என்றே பேசுகிறான். அவங்க அப்பாவும் அப்படித்தான். யாரைத் திருத்துவது?

சின்னவனைத் திருத்துங்கள், பெரியவர் இனி மாறமாட்டார். இதில் நம் தமிழ் மேல் பழி இல்லை, நாம் விளக்கைப் போடுகிறோம், அணைக்கிறோம். மலாயில் ‘புக்கா லம்பு’, ‘துத்துப் லம்பு’ என்று விளக்கைத் திறந்து மூடுவார்கள், சீனத்திலும் அதே கதை. இரண்டும் சேர்ந்து நம் ஊர் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டன. ஆங்கிலத்தில் மின்சாரச் சாமான் எல்லாவற்றுக்கும் ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’. பிள்ளையிடம் தப்பு என்று சொல்லித் திட்டாமல், அவன் ‘ஓபன்’ என்றதும் விளக்குக்குள் என்னப்பா இருக்கிறது, திறந்து காட்டு என்று கேளுங்கள். நான்கு நாளில் மாறிவிடுவான்.

செராஸ், வாடகைக்கார் ஓட்டுநர்: வெள்ளைக்காரப் பயணி ஒருவரிடம், இப்போதுதான் மனைவியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்பதை ‘ஐ சென்ட் மை வைஃப் டு தி ஏர்போர்ட்’ என்று சொன்னேன். எந்தக் கூரியரில் என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு இன்னும் புரியவில்லை.

அண்ணே, மலாயில் ‘ஹந்தார்’ என்ற ஒரே சொல்தான் பார்சல் அனுப்புவதற்கும் ஆளைக் கொண்டுபோய் விடுவதற்கும். அதை ‘சென்ட்’ ஆக்கிவிட்டீர்கள். ஆங்கிலத்தில் ‘சென்ட்’ என்றால் நீங்கள் இங்கேயே இருக்கிறீர்கள், போவது மற்றவர் மட்டும். கூடப் போனால் ‘டுக்’ அல்லது ‘ட்ரோவ்’. இறக்கிவிட்டதைச் சொல்ல ‘ட்ராப்ட்’. உங்கள் தொழிலுக்கு இந்த மூன்றும் தினமும் வேண்டியிருக்கும்.

கோலாலம்பூர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்: மீட்டிங்கில் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றாலே எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது. ஏன்?

நீங்கள் சந்தேகம் கேட்கிறீர்கள், அவர் காதில் ‘நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழுகிறது. தமிழில் ‘சந்தேகம்’ கேள்வியையும் குறிக்கும், நம்பாமையையும் குறிக்கும். ‘டவுட்’ பெரும்பாலும் இரண்டாவதைத்தான். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்ச்சன்’ என்று சொல்லுங்கள், முகம் மாறாது. பரீட்சையையும் ‘ரைட்’ பண்ணாதீர்கள். ‘டேக்’ அல்லது ‘சிட்’. இந்த ஊரில் ‘சிட் ஃபார்’ என்பார்கள், அதுவும் சரி.

அம்பாங்: ‘சே’, ‘டெல்’ வித்தியாசம்?

பொய், உண்மை, கதை, ஜோக் எல்லாம் ‘டெல்’. சாரி, குட்பை, பிரார்த்தனை ‘சே’. யாரிடம் என்பது உடனே வந்தால் ‘டெல் மீ’. ‘சே மீ’ கிடையவே கிடையாது.

தஞ்சோங் பூங்கா, ஓய்வுபெற்றவர்: அம்மா, சொற்கள் சேர்வது சரி, வரிசையும் முக்கியமா? நான் ‘பூர் அண்ட் ரிச்’ என்று எழுதினேன், பேரன் சிரித்தான்.

ஐயா, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். நாம் ஏழை பணக்காரன் என்கிறோம், அவர்கள் ‘ரிச் அண்ட் புவர்’. நாம் முன்னும் பின்னும், அவர்கள் ‘பேக் அண்ட் ஃபோர்த்’, பின்னால் போய்விட்டுத்தான் முன்னால் வருவார்கள். வெயில் மழை பாராமல் உழைத்தார் என்போம், அவர்களுக்கு ‘ரெய்ன் ஆர் ஷைன்’, மழை முதலில். ஆனால் கொடுக்கல் வாங்கலும் ‘கிவ் அண்ட் டேக்’கும் ஒன்றுபோல வருகின்றன, வாங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து போலிருக்கிறது. பேரனைச் செலவு வரவு என்று ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள், யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

பங்சார்: எதற்கு இந்த அடிமைப்புத்தி? ‘ஓபன் தி லைட்’ எங்கள் ஆங்கிலம். எல்லாருக்கும் புரிகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

கோப்பிக்கடையில் மாற்ற வேண்டாம். நானும் அங்கே வாக்கியக் கடைசியில் ‘லா’ போட்டுத்தான் பேசுகிறேன், போடாமல் பேசினால் தலைக்கனம் என்பார்கள். ஆனால் இரண்டும் தெரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வேறு, ஒன்றுதான் தெரியும் என்பது வேறு. பல்கலைக்கழகம் போக எழுதுகிற மூவெட் ஆங்கிலத் தேர்வில் நான்கு தாளுக்கும் தலா 90 மதிப்பெண், அதில் எழுத்தும் பேச்சும் சேர்ந்தால் பாதி. அங்கே உட்கார்ந்து இது எங்கள் ஆங்கிலம் என்று வாதாட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, சில சமயம் புரிவதில்லை, தலைகீழாகப் புரிகிறது. வகுப்பில் வருஷக்கணக்காக ‘பாஸ் அப் யுவர் புக்ஸ்’ என்று சொல்லி நோட்டு வாங்கினவள் நான். ஒருநாள் அகராதியில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது: ‘பாஸ் அப்’ என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விடுவது. நோட்டைக் கொடுங்கள் என்பதாக நினைத்துக்கொண்டு நோட்டை வேண்டாமென்று விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகள் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது அவர்கள் நல்ல குணம். ‘ஹேண்ட் இன்’ என்பதுதான் சரி.

ஆயர் ஈத்தாம், மூவெட் எழுதப்போகிறவர்: இத்தனையையும் எப்படி டீச்சர் மனப்பாடம் செய்வது?

இத்தனையையும் வேண்டாம் தங்கச்சி. நீ ஏற்கெனவே எழுதின நான்கு கட்டுரையை எடு. அதில் வரும் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் துணை தேடு: ‘டிசிஷன்’ உடன் ‘மேக்’, ‘அட்டென்ஷன்’ உடன் ‘பே’, ‘ரிஸ்க்’ உடன் ‘டேக்’, ‘ப்ராப்ளம்’ உடன் ‘சால்வ்’. ஒருவர் திரும்பத் திரும்ப எழுதுகிற பெயர்ச்சொற்கள் அப்படியொன்றும் அதிகம் இருக்காது. சந்தேகம் வந்தால் கொலோகேஷன் அகராதி என்றே தனியாக இருக்கிறது, அதில் பெயர்ச்சொல்லைப் பார்த்தால் எந்த வினையோடு சேரும் என்று வரிசையாக இருக்கும். கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டும் தேடலாம், ஆனால் எத்தனை முடிவு என்று எண்ணாமல் யார் எழுதியது என்று பார்.

சுங்கை பீசி, ஓர் அப்பா: பேட்மிண்டனில் மகனிடம் தோற்றேன். அவன் ‘ஐ வொன் மை ஃபாதர்’ என்று பள்ளியில் எழுதியிருக்கிறான், ஆசிரியர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். அப்பாவை ஜெயித்தேன் என்பது அப்படித்தானே வரும்?

வராது. ‘வின்’ பண்ணினால் ஆட்டத்தை, கோப்பையை, பரிசை. ‘ஐ வொன் மை ஃபாதர்’ என்றால் குலுக்கலில் உங்களைப் பரிசாக அடித்துக்கொண்டு வந்தான் என்று ஆகிவிடும். ஆளை ஜெயித்தால் ‘பீட்’.

அவரே மறுபடி: ‘பீட் மை ஃபாதர்’ என்று எழுதினால் அப்பாவை அடித்தான் என்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டாரா?

அதற்குத்தான் கடைசியில் ‘அட் பேட்மிண்டன்’ சேர்க்கச் சொல்லுங்கள்.