எல்லாரும் பெரிய வாளையே தூக்கினால் கம்புக்காரி என்ன செய்வாள்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) நடத்துகிறார், கதை நம்ம கொங்கு நாட்டைப் போலவே கோட்டையும் காடும் பனங்காடும் உள்ள ஒரு கற்பனை நாட்டில் போகிறது. மூன்று பேர் கிரேட்ஸ்வோர்டு என்ற பெரிய இருகை வாள் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் சிலம்பக்காரியாக ஒரு ஃபைட்டரை, அதாவது போர்வீரர் பாத்திரத்தை, உருவாக்கிக் கம்பு வைத்திருக்கிறாள். கம்புக்கு டி6தான், அதாவது ஆறு முகப் பகடையில் விழுகிற எண்தான் டேமேஜ், அதனால் "நான் எதுக்குங்கண்ணா இருக்கேன்" என்று சலித்துக்கொள்கிறாளாம். சண்டை வந்தால் "அடிச்சேன், பட்டுச்சு, ஏழு" என்பதோடு முடிந்துவிடுகிறது. கம்பின் டேமேஜைக் கூட்டலாமா, அவள் ஆசைப்படுகிறபடி முனையில் இரும்புப் பூண் போடலாமா, அரிவாள் உலக்கையெல்லாம் ஆட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி.

டேமேஜைக் கூட்ட வேண்டாம் தம்பி. கூட்டினால் அடுத்த வாரம் மற்ற மூன்று பேரும் கம்பு கேட்பார்கள், வேறொன்றும் மாறாது. முதலில் ஒரு திருத்தம். டி6 என்பது கம்பை ஒற்றைக் கையில் பிடித்தால்தான். இரண்டு கையிலும் பிடித்தால் டி8. கேடயம் இல்லாதவள் ஒற்றைக் கையில் பிடிக்க ஒரு காரணமும் இல்லை, இன்றைக்கே அவள் ஷீட்டில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். அப்போதும் கிரேட்ஸ்வோர்டு இரண்டு டி6, சராசரி 7. கம்பு டி8, சராசரி 4.5. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, வாள் எடுத்தவர்கள் மேல் தப்பில்லை. எதிரி எப்போதும் வெட்டவெளியில், கைக்கெட்டும் தூரத்தில் அடி வாங்கத் தயாராக நின்றால் எண்ணைத் தவிர வேறு எதை வைத்து ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்?

நான் பத்து வயதில் பெருந்துறைப் பக்கம் ஒரு களத்தில் சிலம்பம் பழகப் போனேன். முதல் நாள் வாத்தியார் கம்பு தரவில்லை. வாள் நீளத்துக்கு நறுக்கின ஒரு மூங்கில் துண்டைக் கையில் கொடுத்து, "என்னைத் தொடு கண்ணு, பார்க்கலாம்" என்றார். அவர் கையில் நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்பு. நான் ஓர் எட்டு வைத்தேன், பிரம்பின் நுனி என் நெஞ்சுக்குழியில் வந்து நின்றது. அடிக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். இடப்பக்கம் நகர்ந்தேன், நுனியும் கூடவே வந்தது. கடைசியில் கோபம் தாங்காமல் நுனியைத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தேன். நான் தட்டின வேகத்தையே வாங்கிக்கொண்டு கம்பு திரும்பியது, கீழே இருந்த அடிமுனை மேலே வந்து என் விரல் முட்டியில் பட்டது, துண்டு மண்ணில் விழுந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது சோற்றைப் பிசைய முடியவில்லை.

அன்று முதல் எந்த ஆயுதத்தைப் பார்த்தாலும் எனக்கு இரண்டு கேள்விதான் வரும். இதை வைத்திருப்பவன் எவ்வளவு தூரத்தில் நிற்க ஆசைப்படுவான்? அடி தவறினால் அடுத்த நொடி அவன் கை எங்கே இருக்கும்? உங்கள் மேஜையிலும் இந்த இரண்டையும் கேட்க ஆரம்பியுங்கள், ஏழு எட்டு என்ற எண்ணெல்லாம் தானாகப் பின்னால் போய்விடும்.

சரி, சிலம்பக்காரிக்கு வருவோம். நீங்கள் 2024 ரூல் புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்கள் என்றால், ஃபைட்டருக்கு வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கு ஏற்ற தனி வித்தை, உண்டு. அதில் கம்புக்குக் கொடுத்திருப்பது 'டாப்பிள்'. அடி பட்டால் எதிரி கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் உறுதியால் தாங்கப் போடும் பகடை) போட வேண்டும், தோற்றால் தரையில் விழுவான். விழுந்தவனை ஐந்து அடிக்குள் நின்று அடிப்பவர்களுக்கெல்லாம் அட்வான்டேஜ் (பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது), அவன் எழுந்து நிற்கவே பாதி நடையைச் செலவழிக்க வேண்டும். இப்போது யோசியுங்கள், அவள் டர்ன் முதலில் வந்து ஆளைச் சாய்த்துவிட்டால் பின்னால் வருகிற மூன்று வாளும் அவளால்தான் சரியாக விழுகிறது. பழைய 2014 புத்தகம் என்றாலும் கவலை இல்லை, நாலாவது லெவலில் 'போல்ஆர்ம் மாஸ்டர்' என்ற ஃபீட் (தனித் திறமை) எடுக்கச் சொல்லுங்கள், அது இரண்டு புத்தகத்திலும் கம்புக்குப் பொருந்தும். ஓர் அடி அடித்த பிறகு அதே டர்னில் கூடுதலாகக் கிடைக்கிற போனஸ் ஆக்‌ஷனில் கம்பின் மறுமுனையால் இன்னோர் அடி, டி4. எதிரி அவள் கம்பு எட்டும் தூரத்துக்குள் கால் வைத்தாலே, அவன் டர்னிலேயே, ரியாக்‌ஷனில் ஓர் அடி. என் விரல் முட்டியில் விழுந்தது அப்படியே இந்த ரூல்தான். கணக்கும் பாருங்கள்: ஸ்ட்ரெங்த் (ஒவ்வோர் அடியிலும் கூட்டுகிற பலம்) +3 என்றால், இரண்டு அடியும் பட்டால் கம்பு சராசரி 7.5ம் 5.5ம் சேர்ந்து 13. அந்த லெவலில் ஒரே அடி அடிக்கிற கிரேட்ஸ்வோர்டு 10. டேமேஜைக் கூட்ட வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

இதற்கு மேல் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, சண்டையை வெட்டவெளியிலிருந்து வெளியே கொண்டுபோவது. உங்கள் கதையில் கோட்டை இருக்கிறதே. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டைக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள், கோபியிலிருந்து தூரமில்லை. மலை ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள். இப்படி ஒரு வாசலில், இருவர் தோளோடு தோள் நிற்க முடியாத இடத்தில், தலைக்கு மேல் ஒரு சாணில் கல் உத்தரம் இருக்கிற இடத்தில் ஒரு சண்டையை வையுங்கள். பெரிய வாளை ஓங்கினால் முனை கல்லில் இடிக்கும், அதனால் ஓங்கி வெட்டுவதற்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி மோசமானதை எடுப்பது) என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நடுவில் போட்டால் தண்டித்தது போல் ஆகிவிடும். வழியும் கொடுங்கள்: ஒரு கையை அலகின் நடுவில் கொடுத்து வாளை ஈட்டி போலப் பிடித்துக் குத்தலாம். ஐரோப்பாவில் கவசக்காரர்களோடு மோதும்போது நிஜமாகவே இப்படித்தான் பிடித்தார்கள். டி8, டிஸ்அட்வான்டேஜ் கிடையாது. ஒவ்வொரு சண்டையையும் இடுக்கில் வைக்காதீர்கள், மூன்றில் ஒன்று போதும். வாள்காரனும் வீசி மகிழ ஒரு களம் வேண்டும்.

வேல் என்ற ஆயுதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் ஊர்க் கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கொங்குப் பக்கம் புலிகுத்திக் கல், பன்றிகுத்திக் கல் என்று நடுகற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அண்ணன்மார் கதையில் கொம்பன் பன்றி வருகிற இடத்தில் உடுக்கைச் சத்தத்துக்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாய்ந்து வருகிற பன்றியிடம் வேல் வைத்திருப்பவன் ஓங்கிக் குத்துவதில்லை. அடிக்கட்டையை மண்ணில் ஊன்றி, ஒரு காலால் அணைத்து, முனையை அதன் மார்புக்கு நேரே வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். பன்றி தன் எடையாலேயே தன்னைக் குத்திக்கொள்ளும். அப்போதும் அது நிற்காமல், கம்பு உடலுக்குள் இறங்க இறங்க, அதன் மேலேயே ஏறி வரும், அதனால்தான் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் முனைக்குக் கீழே குறுக்காக இரண்டு இரும்புச் சிறகு வைத்தார்கள். ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில் இதற்கு ரூலே இருந்தது: வேலை ஊன்றிக் காத்திருந்தால் பாய்ந்து வருபவனுக்கு இரட்டை டேமேஜ். இப்போதைய புத்தகத்தில் அது இல்லை. நீங்கள் திரும்பக் கொண்டுவாருங்கள், எதிரி வரும்வரை அடியைத் தயாராக வைத்திருக்கிற ரெடி ஆக்‌ஷன் எடுத்து ஊன்றி நின்றால், இருபது அடியாவது ஓடிவந்து மோதுகிற எதிரிக்குப் பகடையை இரட்டிப்பாக உருட்டட்டும். இன்னொன்று, இப்போதைய ரூலில் ஸ்பியருக்கு (வேலுக்கு) ரீச் என்ற கூடுதல் எட்டும் தூரம் கிடையாது, பைக் என்ற நீள ஈட்டிக்குத்தான் உண்டு. ஆள் உயர வேலுக்கு அது சரி. அதற்கும் மேலே நீண்ட வேல் என்றால் பைக் கணக்கைக் கொடுங்கள், அதை இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற ஆயுதங்களுக்குப் புதுக் கணக்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், இருப்பதிலேயே பொருத்திவிடலாம். வெட்டரிவாளுக்குக் கைக்கோடாரியின் டி6, எறிவதை மட்டும் எடுத்துவிடுங்கள். நீளமான வீச்சரிவாளுக்கு சிமிட்டர் (வளைந்த வாள்) கணக்கு. எடை முனைப் பக்கம் இருப்பதால் அரிவாள் வெட்டு ஆழமாக இறங்கும், தவறினால் கை கூடவே இழுபட்டுப் போகும், அதை வாயால் சொன்னாலே போதும். உலக்கைக்கு கிரேட்கிளப் என்ற பெரிய தடியின் டி8. பூண் போட்ட உலக்கையை எலும்புக்கூட்டுப் படை வருகிற நாளுக்கு எடுத்துவையுங்கள், எலும்புக்கூட்டுக்கு நசுக்கும் அடியில் டேமேஜ் இரட்டிப்பு, அன்றைக்கு ஒரு சமையல்கார அம்மா மொத்தக் குழுவையும் காப்பாற்றுவார். சுருள்வாளுக்கு சாட்டையின் டி4ம் ரீச்சும் கொடுங்கள், ஆனால் ஐந்து அடிக்குள் கூட்டாளி நின்றால் டிஸ்அட்வான்டேஜ். அது சுற்றும்போது பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், நான் பார்த்த களங்களில் வாத்தியாரே எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லித்தான் சுருளை அவிழ்ப்பார். கட்டாரிக்கு டாகரின் டி4தான். அதன் இடம் கட்டிப் புரளும்போது. ஒருவன் கிராப்பிளில் பிடித்துவிட்டால் நீள ஆயுதத்துக்கெல்லாம் டிஸ்அட்வான்டேஜ் என்று வையுங்கள், கட்டாரிக்கு மட்டும் இல்லை. மூன்று வாள்காரர்களும் அன்றைக்கே இடுப்பில் ஒன்று செருகிக்கொள்வார்கள்.

அப்புறம் சொல்லும் விதம். பட்ட அடியை விடத் தவறின அடியில்தான் ஆயுதம் தெரியும். "கோடாரி தவறிடுச்சு, அடுத்தவர்" என்று கடந்துபோகாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அவன் ஒதுங்கிட்டான். உன் கோடாரி கதவு நிலையில் இரண்டு விரல் ஆழம் இறங்கிருச்சு. காலை நிலையில் உதைத்து இழுக்கிறாய், மரம் கிறீச்சிடுது, அவன் உன் விலாப்பக்கம் வர்றான்." ரூல் ஒன்றும் மாறவில்லை, கோடாரியும் அடுத்த டர்னில் கையில் இருக்கும். ஆனால் அடுத்தவள் பகடையை எடுக்கும்போதே "நான் அவன் காலைத் தட்டறேன்" என்பாள். கம்பு தவறினால் அது நிற்காமல் அடுத்த சுற்றுக்குள் போகும், அதனால் அவளுக்குத் தவறின அடியைக் கூட நகர்வாகச் சொல்லுங்கள், சுவடு மாற்றி எதிரியின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டாள் என்று. மேஜையில் புரியாவிட்டால் ஓர் ஒட்டடைக் கம்பையும் ஒரு கரண்டியையும் எடுத்து இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி, மெதுவாக, தண்ணீருக்குள் நகர்வது போல நகரச் சொல்லுங்கள். கரண்டிக்காரன் இரண்டே நிமிடத்தில் தூரம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்வான். வேகம் மட்டும் கூடவே கூடாது, கண்ணில் பட்டால் விளையாட்டு அதோடு முடிந்தது.

கடைசியாக அந்த இரும்புப் பூண். போடலாம், ஆனால் ஒரு முனையில் மட்டும் போட்டால் கம்பின் சமநிலை அந்தப் பக்கம் சாயும், சுற்று மந்தமாகும், அதைச் சிலம்பக்காரியே விரும்ப மாட்டாள். இரண்டு முனையிலும் மெல்லிசாகப் போடட்டும், டேமேஜ் அதேதான், கம்பு பிளக்காது. அவளுக்கு நிஜமாகவே ஒரு பரிசு தர வேண்டும் என்றால் அதைக் கதையில் தேடிப்போக வையுங்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய பழைய உலைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். உங்கள் கற்பனை நாட்டிலும் ஆற்றங்கரையில் அப்படி ஓர் உலைக்கூடம் இருக்கட்டும், அங்கே ஒரு கிழவர் அவள் கம்பை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு இரண்டு மெல்லிய எஃகு வளையம் பூட்டித் தரட்டும். ஆட்டத்தில் அது +1 கம்பு (தாக்கும் பகடையிலும் டேமேஜிலும் ஒன்று கூடும்), மந்திர ஆயுதமாகக் கணக்கு.