தன்பாலீர்ப்பாளர் உரிமையில் கேரளமா, தமிழ்நாடா? கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பதில்

தன்பாலீர்ப்பாளர்களின் உரிமை விஷயத்தில் கேரளம் தமிழ்நாட்டைவிட முன்னால் நிற்கிறது என்கிறார்களே, அது உண்மையா, இதில் ஊடகங்களும் அரசியல் கட்சிகளும் என்ன செய்கின்றன என்பது கேள்வி. நான் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசுவோர் நிறைந்த கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகையும் தேர்தல் நோட்டீஸும்தான் பிழைப்பு. சந்தைக்கும் துணிமணிக்கும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். கலெக்டர் ஆபீஸுக்குப் பாலக்காடு. காலையில் தமிழ் நாளிதழ், இரவில் மலையாளச் செய்தி விவாதம் என்பது எங்கள் ஊர் நடைமுறை. அந்த அளவுக்கு இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். என் பதில்: கேரளத்தில் பேச்சு அதிகம், தமிழ்நாட்டில் எழுத்தில் உள்ள ஆணைகள் அதிகம், ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது இரண்டு மாநிலங்களிலும் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த உரிமை இதுவரை வந்த வழியைப் பார்த்தாலே காரணம் புரியும். 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய எண்ணிக்கையினர் என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையும் மாற்றியது. எல்லாம் நீதிமன்றத்துக்குள் நடந்தவை. நாடாளுமன்றத்தில் முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூர் 2015 டிசம்பர் 18 அன்று 377-ஐத் திருத்தும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்துவது வழக்கமாக யாரும் எதிர்க்காத ஒரு சம்பிரதாயம். இவருடைய மசோதாவையோ விவாதத்துக்கே வரவிடாமல் அறிமுக நிலையிலேயே 71-க்கு 24 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். 2016 மார்ச்சில் மறுபடியும் கொண்டுவந்தபோது 58-க்கு 14. 543 பேர் கொண்ட அவையில் எதிர்த்தவர், ஆதரித்தவர் இருதரப்பையும் கூட்டினாலும் நூறு வரவில்லை. மற்றவர்கள் அன்று அவையில் இல்லை, அல்லது இருந்தும் இல்லாதது போல இருந்தார்கள். எதிர்த்த எழுபத்தொரு பேரைவிட இந்த நானூற்றுச் சொச்சம் பேரைத்தான் நான் கவனிக்க வேண்டியவர்கள் என்பேன்.

அரசாங்கமும் அப்படியே நடந்துகொண்டது. 2018-இல் 377 குறித்த முடிவை நீதிமன்றத்தின் அறிவுக்கே விட்டுவிடுகிறோம் என்று மத்திய அரசு ஒதுங்கியது. 2023-இல் திருமண அங்கீகார வழக்கு வந்தபோது, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து, முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம் என்று வாதாடியது. உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று, திருமணத்தை அங்கீகரிப்பது சட்டம் இயற்றுவோரின் வேலை என்று அனுப்பிவைத்தது. நகர்ப்புற மேட்டுக்குடி என்ற அந்தச் சொற்றொடரை மாநில எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை செய்துகொண்டு, மாதக் கடைசியில் நண்பனைப் பார்க்கப் பொள்ளாச்சி பஸ் ஏறும் பையனிடம் படித்துக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த ஆணை நாட்டுக்கே முன்மாதிரி. இந்த விஷயம் தமக்கே சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகு அவர் அதை எழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சைக்குத் தடை, காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் வந்த திருத்தம், ஊடகங்கள் கையாள வேண்டிய சொற்களின் அரசிதழ் பட்டியல் ஆகியவை அந்த வழக்கின் அழுத்தத்தால் வந்தவை. அமைச்சரவை தானாக முனைந்து செய்தது என்று இவற்றில் ஒன்றைக் காட்டுவது கடினம்.

தமிழ்நாட்டு அரசியலுக்குத் தைரியமே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. திருநங்கையர் நல வாரியம் 2008-லேயே வந்தது. திருநர் உரிமைக்கான திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. திருநருக்கான மாநிலக் கொள்கை 2025-இல் வெளியானது. திருநருக்கு முடிந்தது தன்பாலீர்ப்பாளருக்கு ஏன் முடியவில்லை? நலத்திட்டம் என்றால் கொடுப்பவர் மேடையில் நிற்கலாம், வாங்குபவர் கீழே நின்று கும்பிடலாம். வீட்டுமனைப் பட்டாவும் அடையாள அட்டையும் கொடுக்கக் கட்சிக்காரருக்குத் தெரியும். தன்பாலீர்ப்பாளன் அரசிடம் கேட்பது பொருள் அல்ல. என் கல்யாணத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள் என்று அவன் வீட்டாரிடமும் சாதியிடமும் சொல்கிறான். எங்கள் கொங்குப் பக்கத்தில் கல்யாணம்தான் சாதியின் கணக்குப் புத்தகம், சாதிச் சங்கத்தின் மண்டபத்தில்தான் கட்சிகளின் செயல்வீரர்கள் கூட்டம். அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு இதைப் பேச யாருக்கு வாய் வரும்? (திருநங்கையரின் வாழ்க்கை நலத்திட்டங்களால் நிறைந்துவிட்டது என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம், வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.)

கேரளத்தில் இதைவிட மேலாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு 2024 மக்களவைத் தேர்தலை நினைவூட்டுகிறேன். மார்க்சிஸ்ட் கட்சியின் தேர்தல் அறிக்கை ஒருபாலின இணையர்களுக்குத் திருமணத்துக்கு ஒப்பான சட்ட அங்கீகாரம் வேண்டும் என்றது. காங்கிரசின் அறிக்கை, பரந்த ஆலோசனைக்குப் பிறகு அவர்களுடைய இணைவை அங்கீகரிக்கும் சட்டம் கொண்டுவரப்படும் என்றது. எங்கள் சித்தூர் ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. அங்கே இவ்விரண்டுக்கும்தான் முக்கியப் போட்டி. எதிரெதிர் நின்றவர்கள் எழுத்தில் ஏறக்குறைய ஒரே பக்கம் நின்ற அபூர்வ விஷயம் இது. ஆனால் அந்தத் தேர்தலில் என் மேசைக்கு வந்த தமிழ் நோட்டீஸ்களில் ஆழியாற்றுத் தண்ணீர் இருந்தது, பென்ஷன் பாக்கி இருந்தது, நெல் கொள்முதல் பணம் இருந்தது, தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் இருந்தது. இது மட்டும் எந்தத் தரப்பின் நோட்டீஸிலும் இல்லை. புரூஃப் பார்க்க வந்த இளைஞர் ஒருவரிடம் விளையாட்டாகக் கேட்டேன். "அதெல்லாம் டெல்லிக்குங்ணா. இங்க போட்டா இருக்கற ஓட்டும் போயிரும்" என்றார். எந்தக் கட்சிக்காரர் என்பதை விட்டுவிடுகிறேன். மற்றவரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

அதே 2024-இல் தேர்தலுக்குப் பிறகு, சேர்ந்து வாழும் ஒருபாலின இணையரை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், அவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும் மத்திய அரசின் துறைகள் தெளிவுபடுத்தின. எங்கள் பக்கத்து ரேஷன் கடையிலோ, கேரள அரசின் இணையச் சேவைக்கான அக்ஷயா மையத்திலோ இதை ஒட்டிவைத்து நான் பார்த்ததில்லை. எல்லைச் சாவடியான கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டில் வரும் இ-சேவை மையங்களிலும் இல்லை.

வார்டு மட்டத்தில் இந்த விஷயம் வரவே வராது என்பதும் சரியல்ல. ஒரு பஞ்சாயத்துத் தேர்தலின்போது ஒருவர் கடை மூடும் நேரமாகப் பார்த்து வந்து, கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். எதிர் வேட்பாளரின் பெயரைச் சொல்லாமல், 'நாற்பத்தைந்து வயதிலும் கல்யாணம் இல்லை, ஏன்? வாக்காளர்களே சிந்திப்பீர்!' என்று தொடங்கி, அவர் வீட்டுக்கு வந்துபோகும் ஓர் ஆண் நண்பரைப் பற்றிய வரிகளோடு முடிந்தது. "அச்சகம் பேரு போட வேண்டாம்ங்ணா, ஆயிரம் மட்டும் போதும்" என்றார். வயது நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத ஒருவனிடம்தான் இந்த வேலையைக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தேர்தல் நோட்டீஸில் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்கள் இல்லாவிட்டால் என் மேல் வழக்கு வரும் என்று சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். "அப்ப வாட்ஸ்ஆப்லயே போட்டுக்கறோம்ங்க" என்று தாளை மடித்துக்கொண்டு போனார். மறுநாளே அது எல்லாக் குழுக்களிலும் வந்துவிட்டது.

அதற்கு எதிர்த்தரப்பு சொன்ன பதில்தான் இந்தக் கேள்விக்கு மிகவும் தொடர்புடையது. அவர் யாரோடு பழகினால் உங்களுக்கென்ன, வார்டுக்குச் சாலை போட்டாரா இல்லையா என்று கேட்க அந்தக் கட்சியில் யாரும் இல்லை. தங்கைகளைக் கரையேற்றுவதற்காகத் தன் வாழ்க்கையையே தியாகம் செய்த உத்தமர் என்று இரண்டே நாளில் ஒரு மறுப்பு நோட்டீஸ் வந்தது. அதை நான்தான் அச்சிட்டுக் கொடுத்தேன், அச்சகத்தின் பெயரோடு. அவர் தன்பாலீர்ப்பாளரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குற்றச்சாட்டுக்குத் தியாகத்தைத் தவிர வேறு பதில் இல்லை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின. கேரளத்தின் இருபது ஆண்டுப் பேச்சும் அந்த வார்டுக்குள் வரவில்லை.

ஊடகங்களுக்கு வருகிறேன். தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் இரண்டு இடங்களில் வருவோம். ஒன்று, செயலி மூலம் பழகி, தனியிடத்துக்கு அழைத்து, அடித்துப் பணமும் நகையும் பறித்த கும்பலைப் பற்றிய செய்தி. நடந்த குற்றம் வழிப்பறி. ஆனால் தலைப்பில் பெரிய எழுத்தில் வருவது 'ஓரினச்சேர்க்கை'. பறிகொடுத்தவனின் வயது, ஊர், தொழில் எல்லாம் செய்தியில் இருக்கும்; அதைப் படிக்கும் அடுத்தவன் பணம் போனாலும் ஸ்டேஷன் பக்கம் போவதில்லை. கும்பல்கள் நம்பியிருப்பதும் அந்த வெட்கத்தைத்தான். இன்னொன்று 'மாயம்' பத்தி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சினிமா நகைச்சுவை எல்லோருக்கும் தெரியும்: இரண்டு ஆண்கள் தற்செயலாகக் கட்டிப்பிடித்திருக்க, மூன்றாமவன் பார்த்துவிட்டு முகம் சுளித்து ஓடும் காட்சி பல பத்தாண்டுகளாகச் சலிக்காமல் வருகிறது. மலையாளமும் இதில் சுத்தம் அல்ல. பெண்தன்மையுள்ள நாயகனை வைத்து 2005-இல் வந்த ஒரு படத்தின் பெயரே கேரளப் பள்ளிகளில் பையன்களைக் கிண்டல் செய்யும் வசவாகிவிட்டது.

என்றாலும் மலையாளத்தில் ஒரு நகர்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணமாகி மறைந்து வாழும் தன்பாலீர்ப்பாளராக, அதுவும் உள்ளாட்சி இடைத்தேர்தல் வேட்பாளராக, 2023-இல் மம்மூட்டி நடித்தார். அந்தப் படத்துக்கு அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான மாநில விருது கிடைத்தது. கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சேர்ந்து வாழ அனுமதித்த பெண் இணையர் 2025-இல் மலையாள பிக் பாஸில் போட்டியாளர்களாக வந்தார்கள். இவர்களை வீட்டில் ஏற்ற மாட்டேன் என்ற பொருளில் சக போட்டியாளர் ஒருவர் பேசியபோது, என் வீட்டில் நான் ஏற்றுவேன் என்று மோகன்லால் அரங்கிலேயே சொன்னார். மறுநாள் எங்கள் டீக்கடையில், எழுபதைத் தாண்டிய ஓர் அப்பாரு, "லாலே சொல்லீட்டாரு, நமக்கென்னப்பா" என்றார். பத்து ஆண்டு விவாத நிகழ்ச்சிகளால் ஆகாதது ஒரு நடிகரின் ஒரு வாக்கியத்தால் ஆயிற்று. தமிழில் அந்த உயரத்தில் இருக்கும் நடிகர் ஒருவர் இப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. அரசியலுக்கு வரும் எண்ணம் உள்ளவர்களுக்கு அது இன்னும் கடினம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பேச்சும் ஆணையும் சோதிக்கப்படும் இடம் 'மாயம்' பத்திதான். 'கல்லூரி மாணவி மாயம்' என்று புகைப்படத்தோடு வருபவற்றில் சில, இரண்டு பெண்கள் சேர்ந்து வீட்டை விட்டுக் கிளம்பியவை. கேரளத்தில் காவல் சட்டத்தின் 57-ஆம் பிரிவிலும் தமிழ்நாட்டில் 'பெண் மாயம்' என்றும் வழக்குப் பதிவாகும். பிறகு செல்போன் டவரைப் பார்த்துக் காவலர்கள் வாளையாற்றைத் தாண்டி வருவார்கள், கூடவே மாமனும் சித்தப்பனும் இன்னொரு வண்டியில். பதினெட்டு வயது முடிந்தவர் யாரோடு போவதென்று மாஜிஸ்திரேட் முன் அவரே சொல்லலாம். சட்டம் அதில் தெளிவு. ஆபத்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இடையில் இருக்கிறது. "ஒரு ராத்திரி வீட்டுக்குக் கூட்டீட்டுப் போறோம், காலைல கோர்ட்டுக்குக் கொண்டாரோம்" என்று வீட்டார் கேட்பதும், அதற்கு ஸ்டேஷனில் இருப்பவர் தலையாட்டுவதும் நடக்கின்றன. அந்த ஓர் இரவில் போன் போய்விடும், சான்றிதழ்கள் போய்விடும், மறுநாள் கோர்ட்டுக்குப் பதில் ஏதாவது 'கவுன்சிலிங்' மையம். குடி மறுவாழ்வு மையங்களில் அடைத்து மருந்து கொடுத்தார்கள் என்று வீடியோவில் சொன்ன கேரள மாணவி ஒருவர் 2020-இல் உயிரிழந்ததற்குப் பிறகுதான் இந்த மையங்களைப் பற்றிக் கேரளம் பரவலாகப் பேசியது. பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை மருத்துவரின் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்ததும் சென்னை உயர் நீதிமன்ற வழக்கின் விளைவுதான்.

தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதி வாளையாற்றோடு நின்றுவிடும். கேரளத்தில் 2022-இல் வந்த ஆணை, பிறகு பிக் பாஸுக்குப் போன அந்த ஓர் இணையருக்கானது. இரண்டு பக்கத்து நீதிமன்றங்களையும் ஒன்றாகக் கட்டுப்படுத்துவது, கேரளத்திலிருந்து போன ஓர் ஆட்கொணர்வு வழக்கில் 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்கள். நீதிபதி அந்த நபரிடம் வீட்டார் இல்லாமல் தனியே பேச வேண்டும். மனத்தை மாற்றும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது. வயது வந்தவர் வீட்டுக்குப் போக விரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் விடுவிக்க வேண்டும். அப்படிக் கிளம்பி வந்து என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஸ்டேஷனில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஓர் இரவுக்குக்கூட வீட்டுக்குப் போக ஒப்புக்கொள்ளாமல், மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகச் சொல்லுங்கள், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு முன்கூட்டியே பேசிவிடுங்கள், பெண்கள் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.