வலிப்பது யாருக்கு?

வணக்கம் அக்கா,
என் ஆறு வயது மகள் ராத்திரியில் கால் வலிக்கிறதென்று அழுகிறாள். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலிதான் என்றார் டாக்டர். கோலாலம்பூர் செந்தூலில் நான் தொடங்கிய கேட்டரிங்கும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது வேன் எடுத்ததில் ஆட்களின் சம்பளம் இரண்டு மாதம் நின்றுவிட்டது. இதுவும் வளர்கிற வலிதான் என்று அவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். இதைத் தாங்கும் மனத்திடம் எனக்கு எப்படி வரும்?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பாப்பா. பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள் வருகிற வலி இது. இரண்டு கால்களிலும் கெண்டைக்காலிலோ தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ வரும். விடிந்தால் பிள்ளை ஓடி விளையாடும். 1823இலேயே பிரெஞ்சு மருத்துவர் மார்செல் டுஷாம்ப் இதைப் பற்றி எழுதிவிட்டார். காரணம்தான் இன்றுவரை பிடிபடவில்லை. வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம். ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டல், விடிந்தும் தீராத வலி என்று எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

தொழில் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. வலிப்பதும் பாப்பாவுக்கு, வளர்வதும் பாப்பா. உங்கள் கடையில் வளரப்போவது நீங்கள், வலிப்பது பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு. அவர்கள் வீட்டு வாடகையை யார் கட்டுவது?

என் அப்பா கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். "கம்பெனி வளருது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று முதலாளி ஆண்டுக்கணக்கில் சொன்னார். சம்பளத்தில் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிக்கான பணம், பிடித்தார்கள். 55 வயதில் பணத்தை எடுக்கப் போனபோதுதான், பல ஆண்டுகளுக்கு ஒரு காசும் கட்டவில்லை என்று தெரிந்தது. அச்சகம் மட்டும் இரண்டு மாடி ஏறியிருந்தது. அப்பா யாரையும் திட்டவில்லை. நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். இபிஎஃப் பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தொழில் புதியது என்பதற்காக இதில் சலுகை கிடையாது. மார்க்கெட்டிங், கடன், போட்டி எல்லாம் உங்கள் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அவர்களுடைய இரண்டு மாதச் சம்பளம் உங்கள் மூலதனம் இல்லை.

தம்பி, நீங்கள் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டாவது வேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிலுவையை ஒரே தடவையில் தீர்த்துவிட்டு எழுதுங்கள். மனத்திடம் பற்றி அப்போது பேசலாம்.