சிலிண்டர் மானியம் எங்கே போனது?

கேள்வி: 2020க்கு முன்பு சிலிண்டர் வாங்கினால் சில நாட்களில் வங்கிக் கணக்கில் மானியம் ஏறிவிடும். அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. ஏஜென்சியில் கேட்டால் பேங்குக்குப் போகச் சொல்கிறார்கள், பேங்கில் ஏஜென்சிக்குப் போகச் சொல்கிறார்கள். ஆதார் இணைப்பைச் சரிசெய்து மானியத்தை வரவழைத்துத் தருவதாகத் தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரில் 300 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? விழுப்புரம் பக்கம் இருக்கும் என் நாத்தனாருக்கு 300 ரூபாய் வந்துகொண்டிருந்தது, கொஞ்ச நாளாக அவளுக்கும் இல்லை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். சிலிண்டர் 40 நாள் வருகிறது, 2025 ரசீதில் 868 ரூபாய் 50 காசு. மாமியாருக்கும் குழந்தைக்கும் தினமும் வெந்நீர் வேண்டும். கரண்ட் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஆகிறது. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் மிச்சமாகுமா? கணவர் சாயங்காலம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறார், அதற்கும் தனியாக வாங்குவது வீட்டு சிலிண்டர்தான். பிடித்தால் வழக்கு என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

வாசகி, வியாசர்பாடி, சென்னை

பதில்: முதலில் அந்த 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உங்கள் காகிதத்தில் கோளாறு எதுவும் இல்லை. அனுப்பினால்தானே வந்து சேர?

2015 ஜனவரி முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது: சிலிண்டரை முழு விலைக்கு நீங்கள் வாங்குவீர்கள், சந்தை விலைக்கும் சலுகை விலைக்கும் உள்ள வித்தியாசம் கணக்குக்கு வரும், ஆண்டுக்கு 12 சிலிண்டர் வரை. 2020 மே மாதம் கொரோனா முடக்கத்தில் உலகச் சந்தையில் எரிவாயு விலை விழுந்தது. சென்னையில் சிலிண்டர் 570 ரூபாய் வாக்கில் வந்து நின்றது. சந்தை விலையும் சலுகை விலையும் ஒன்றாகிவிட்டதால் கொடுக்க வித்தியாசம் இல்லை, மானியம் பூஜ்யம். அதுவரை கணக்கு நியாயம்தான். அந்த டிசம்பரிலேயே ஐம்பது ஐம்பதாக இரண்டு முறை விலை ஏறியது. 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசைத் தொட்டது. பூஜ்யம் மட்டும் பூஜ்யமாகவே இருந்துவிட்டது. ‘மானியத்தை ரத்து செய்கிறோம்’ என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஏஜென்சியும் வங்கியும் உங்களைப் பந்தாடுவதற்குக் காரணம் இதுதான், அவர்கள் கையிலும் காட்ட ஒரு உத்தரவு இல்லை.

பிறகு 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றினார்கள். அப்படி வந்ததுதான் உங்கள் 2025 ரசீதின் 868.50. இந்த விலை எல்லாக் காலத்திலும் முழுச் சந்தை விலை என்றும் நினைக்க வேண்டாம். அடக்கத்துக்குக் கீழே விற்ற நஷ்டத்துக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு 2022 அக்டோபரில் 22,000 கோடியும், 2025 ஆகஸ்டில் 30,000 கோடியும் ஒதுக்கியது. மானியம் என்ற சொல் உங்கள் பாஸ்புக்கிலிருந்து போய் அவர்கள் வரவு செலவில் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்புக்கில் இருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம், அங்கே இருந்தால் முடியாது. எங்களுக்கு உறுத்துவது அந்த ஒன்றுதான்.

உங்கள் நாத்தனார் வாங்குவது உஜ்வாலா, அதாவது ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் இணைப்பாக இருக்க வேண்டும். தனியாகத் தொகை வருவது அவர்களுக்குத்தான். 2022 மே மாதம் 200 ரூபாய், 2023 அக்டோபரிலிருந்து 300 ரூபாய். ஏஜென்சியிடம் முழு விலையைக் கொடுத்துத்தான் அவரும் வாங்க வேண்டும், பணம் பின்னால் வரும். நின்றுபோனால் மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, எத்தனையாவது சிலிண்டர் என்பது. 2025-26 நிதியாண்டுக்கு 9 சிலிண்டருக்குத்தான் 300 என்று வரம்பு வைத்தார்கள், பத்தாவதுக்குக் கிடையாது. இரண்டு, விரல் ரேகையோ முகமோ வைத்துச் செய்யும் இ-கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா என்பது. அதை ஏஜென்சியிலேயே முடிக்கலாம். மூன்றாவதுதான் நிறையப் பேர் ஏமாறும் இடம். பணம் ஏஜென்சியில் எழுதிக்கொடுத்த கணக்குக்குத்தான் போகும் என்று நினைப்பார்கள். ஆதார் வழியாக வரும் தொகை, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தாரோ அதற்குப் போகும். நடுவில் மகளிர் குழுக் கடனுக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ புதுக் கணக்கு தொடங்கி அதில் ஆதாரைக் கொடுத்திருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும், அவர் பழைய பாஸ்புக்கிலேயே என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்க முடியும். எங்கும் வரவில்லை என்றால் 1800 2333 555 என்ற கட்டணமில்லா எண்ணில் 17 இலக்க எல்பிஜி எண்ணைச் சொல்லிப் புகார் பதியலாம்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். 14.2 கிலோ 40 நாள் என்றால் ஒரு நாளைக்கு 355 கிராம் எரிகிறது. இதில் வெந்நீருக்கு எவ்வளவு போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர எரிவாயு அடுப்பில் 42 கிராம் வரை ஆகும். இரண்டு வாளிக்கு 84 கிராம். இரண்டு மாதத்தில் 5 கிலோ! கிலோ 61 ரூபாய் வீதம் 306 ரூபாய் குளியலறைக்குப் போகிறது. அதே வேலையை 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு வாளிக்குக் கால் மணி, இருபது நிமிடத்தில், 0.3 யூனிட்டில் முடிக்கும். இரண்டு மாதத்துக்கு 37 யூனிட். உங்கள் 320க்கு மேல் 37 சேர்ந்தால் 357, யூனிட் 4.70 ரூபாய் வாக்கில் 174 ரூபாய்தான். ராடின் விலை சில மாதத்தில் கைக்கு வந்துவிடும். எரிவாயு நாளைக்கு 270 கிராமாக இறங்கும், சிலிண்டர் 40 நாளிலிருந்து 52 நாளுக்கு நீளும்.

ராடுக்கு மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள், இரும்பு வாளி வேண்டாம். சூடு பார்க்கக் கைவிடும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவிவிட வேண்டும். குழந்தை இருக்கிற வீடு, அதனால் கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள்.

இன்டக்‌ஷன் விஷயத்தில் விளம்பரம் சொல்கிற அளவுக்கு மிச்சம் இல்லை. ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் மின்சாரக் கணக்கில் 180 யூனிட். நம் அடுப்பில் அதில் அறுபது சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி சமையலறையைச் சூடாக்குகிறது. இன்டக்‌ஷனில் எண்பத்தைந்து சதவீதம் உள்ளே போகும். ஆகவே ஒரு சிலிண்டர் செய்கிற சமையலுக்கு இன்டக்‌ஷனில் 125 முதல் 130 யூனிட் வேண்டும். 868 ரூபாயை அதால் வகுத்தால் 7 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கூடுதலாக எரிக்கும் யூனிட்டின் விலை அதற்குக் கீழே இருந்தால் இன்டக்‌ஷன் லாபம், மேலே போனால் எரிவாயு லாபம். சிலிண்டர் விலை மாறினாலும் இதே வகுத்தலைப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கேதான் 500 யூனிட் கோடு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் 2025 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை பாதி விலை, ஆனால் மொத்தம் 500க்குள் இருந்தால் மட்டும். 501ஆவது யூனிட் ஓடிவிட்டால் அந்தப் பாதி விலைச் சலுகை பறிபோய், ஒரே யூனிட்டில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். நீங்கள் மொத்தச் சமையலையும் இன்டக்‌ஷனுக்கு மாற்றினால், வெந்நீர் போகவே 150 யூனிட் ஆகும், 357ம் அதுவும் சேர்ந்து கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். இன்டக்‌ஷனில் நூறு யூனிட்டோடு நிறுத்தினால்? 400 வரை 43 யூனிட் 4.70 வாக்கில், மீதி 57 யூனிட் 6.30 வாக்கில், மொத்தம் 560 ரூபாய். அதே சமையலுக்கு எரிவாயு 680 ரூபாய். மிச்சம் இரண்டு மாதத்துக்கு 120. அடுப்பு 2,500 ரூபாய் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும் போட்ட காசு வர. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ள பாத்திரமும் வாங்க வேண்டும், வீட்டில் இருக்கும் அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. சிலிண்டர் வரத் தாமதமாகும் நாளுக்குக் கைகாவலாக வாங்குங்கள், மிச்சத்துக்காக வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. வாங்கினால் 16 ஆம்பியர் பிளக் பாயின்டில் மட்டும் போடுங்கள். 2,000 வாட் அடுப்பை 6 ஆம்பியர் பாயின்டில் கன்வெர்டர் வைத்துச் செருகினால் பிளக் உருகும், வீட்டில் முதலில் வருவது பிளாஸ்டிக் நாற்றம்தான்.

செலவில்லாமல் மிச்சம் பிடிக்கிற இடம் பர்னர். தீ நீலமாக இல்லாமல் மஞ்சள் நுனி காட்டுகிறதா, பாத்திரத்தின் அடி கரிப்பிடிக்கிறதா? பர்னர் துளையில் பொங்கின பால் காய்ந்திருக்கும். பித்தளைப் பர்னரை எடுத்து வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடியில் இருக்கும் சிறு ஜெட்டை மட்டும் ஊக்கு, ஊசி வைத்துக் குத்தாதீர்கள். துளை மயிரிழை பெரிதானாலும் தேவைக்கு மேல் எரிவாயு பாயும், காற்று போதாமல் மறுபடி மஞ்சள் தீயே வரும். குக்கர் முதல் விசில் அடித்ததும் சிம்மில் வையுங்கள். அதற்கப்புறம் பெரிய தீயில் வைத்தால் அந்த எரிவாயு விசிலாகத்தான் வெளியே போகும்.

சிலிண்டர் கொண்டுவருபவருக்கு ஐம்பது ரூபாய் தனியாகக் கொடுக்கிறீர்களா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் சென்னையில் கொடுக்காத வீடு குறைவு. ரசீதில் இருக்கும் தொகைக்குள் டெலிவரிக் கட்டணமும் அடக்கம். வருடத்துக்கு ஒன்பது சிலிண்டர் என்றால் 450 ரூபாய், இன்டக்‌ஷனில் வரும் மிச்சத்தில் பாதிக்கு மேல் இதிலேயே போகிறது. மாடி ஏறித் தூக்கிவரும் மனிதருக்கு மனமுவந்து கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயப்படுத்தினால் மேலே சொன்ன எண்ணிலேயே புகார் செய்யலாம். எடை போட்டுக் காட்டச் சொல்வதில் மட்டும் கூச்சப்படாதீர்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை எழுதியிருக்கும். 15.6 என்றிருந்தால் மொத்தம் 29.8 கிலோ இருக்க வேண்டும்.

கடைசியாகத் தள்ளுவண்டி. பயம் நியாயமானது. வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் குற்றம், சிலிண்டரையும் அடுப்பையும் பறிமுதல் செய்வார்கள். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கும்போதும் இதுவே முட்டுக்கட்டை. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வணிக சிலிண்டருக்கு 18. வணிக விலை மாதத்தின் முதல் தேதியில் மாறும், 2025ல் சென்னையில் 19 கிலோ சிலிண்டர் 1,700க்கும் 2,000க்கும் நடுவில் ஆடியது. டீக்கடைகளில் டீ விலை ஏறுகிறதென்றால் பாலோடு இதுவும் ஒரு காரணம்.

1,800 என்று வைத்துக்கொண்டால் கிலோ 95 ரூபாய், உங்கள் 61 ரூபாயை விட 34 அதிகம். மலைக்க வேண்டாம். ஒரு சாயங்காலத்துக்கு பஜ்ஜி அடுப்பு 1.2 கிலோ எரிக்கிறது என்று பிடித்தால் கூடுதல் செலவு 41 ரூபாய். அறுபது தட்டு விற்றால் தட்டுக்கு 70 காசு. ஒரு ரூபாய் ஏற்றினால் கட்டிவிடும். 19 கிலோ இணைப்புக்கு முன்பணம் கட்டச் சிரமம் என்றால் 5 கிலோ ‘சோட்டு’ சிலிண்டர் இருக்கிறது. அடையாள அட்டை ஒன்று போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், வண்டியில் வைக்கவும் தோது. அதுவும் வணிக வரியில்தான் வரும் என்பதால் கிலோ விலையை 19 கிலோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். வண்டிக்கு எஃகு இழை பொதிந்த சுரக்‌ஷா டியூப் மட்டும் போடுங்கள், வெறும் ரப்பர் டியூப் எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் வெடித்துவிடும். டியூபின் மேல் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடம் ஆனதும் மாற்றிவிட வேண்டும். சிலிண்டரைச் சட்டிக்கு நேர் கீழே வைக்காமல் வண்டியின் மறுகோடியில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.